பெருச்சாளிக்குக் கண் இல்லை

"அரே பாய், ஐஸா நக்கோ! ரோடு கராப் ஹோதா!"

ஹைதராபாத்தில், மல்காஜ்கிரியின் அந்தச் சந்தில் ஞாயிற்றுக்கிழமை இப்படித்தான் விடியும். இப்படிச் செய்யாதே, ரோடு கெட்டுவிடும் என்று கத்துகிறவர் சந்திரமோகன். திட்டு வாங்குகிறவர் இன்றைக்குக் கேஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்த ஆள். நேற்று சோபா இறக்கிய ஆள். நாளைக்கு யாரோ, பாவம்.

சிமெண்ட் ரோடு போட்டு இன்னும் ஒரு மழைக்காலம்கூடத் தாண்டவில்லை. அதற்காக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியவர் காலனி நலச் சங்கத் தலைவர் சந்திரமோகன்தான். அந்தப் பெருமையில் ரோட்டையே தன் வீட்டு ஹால் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். காஞ்சன்பாக்கில் ஒரு பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. அங்கே ஒரு திருகாணியைக் கழற்றக்கூட அனுமதிச் சீட்டு வேண்டும். அந்த ஒழுங்கெல்லாம் சந்துக்கும் வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுவார். நடுரோட்டில் ஓரிடத்தில் நாயின் காலடி பதிந்திருக்கும். சிமெண்ட் ஈரமாக இருந்த அன்று மூலை வீட்டு நாய் நடந்துவிட்ட வினை. அந்த வீட்டுத் தெலுங்கு அம்மாவோடு அவர் வெகுநாள் பேசவே இல்லை.

இன்று சந்தில் கம்ப்ரெஸ்ஸர் வண்டி வந்து நின்றிருந்தது. எதிர் வரிசை வீடுகளுக்குக் குடிதண்ணீர்க் குழாய் போடும் வேலை. அந்த வரிசைக்கு இதுவரை லாரித் தண்ணீர்தான். எதிர்வீட்டு சிவஞானம் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். முட்டி வலியோடு கேனைத் தூக்கிக்கொண்டு நடப்பதைச் சந்தே பார்த்திருக்கிறது. ரோட்டைத் தோண்டாமல் குழாயைக் கொண்டுபோக வேண்டும் என்பது சந்திரமோகனின் நிபந்தனை. அதற்காகத்தான் இந்த மிஷின்.

மிஷின் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கூர்முனை உள்ள ஓர் இரும்பு உருளை, அதன் வாலில் ஒரு காற்றுக் குழாய். காற்றை விட்டால் உள்ளே சம்மட்டி போல ஒன்று அடித்து அடித்து உருளையை முன்னே தள்ளும். ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு குழி, அந்தப் பக்கம் ஒரு குழி. இங்கே நுழைந்தது மண்ணைக் குடைந்துகொண்டு அங்கே தலை காட்டும். அது போட்ட பொந்தில் பைப்பை இழுத்துவிடலாம், ரோட்டில் ஒரு கீறல்கூட இருக்காது. எஞ்சினியர்கள் அதை மோல் என்பார்கள், வேலை ஆட்கள் சூஹா, அதாவது எலி, என்பார்கள். சந்துத் தமிழர்கள் பார்த்தவுடனே பெருச்சாளி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

"சார், ஒரு நிமிசம்." கூப்பிட்டது ரோஸ்லின். வேலையை நடத்துகிற எஞ்சினியர், தூத்துக்குடிப் பெண், ஹைதராபாத்துக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. "நடுவுல ஒரே ஒரு எடத்துல மட்டும் சின்னதா ஒரு குழி எடுத்துப் பாத்துக்கிடுதேன். கீழ ஏதாச்சும் போகுதான்னு தெரிஞ்சிரும். அப்புறம் நானே பூசிக் கொடுத்திருதேன்."

"எங்கே?"

அவள் காட்டிய இடம் நாய்க் காலடிக்குப் பக்கத்தில்.

சந்திரமோகன் அந்த இடத்தின் மேல் போய் நின்றுகொண்டார். குரலை உயர்த்திக்கொண்டார். "என்னம்மா இது? தோண்டாம போடறோம்னுதானே உங்களைக் கூட்டிட்டு வந்தோம்? இப்ப தோண்டறேன்னா எதுக்கு இந்த மிஷின்? நக்கோ. ஒரு குழியும் கிடையாது."

"நேத்து கீழ வயர் இருக்கான்னு பாக்குத கருவி வச்சுப் பாத்தோம், அது கத்தல. ஆனாலும் மனசு கேக்க மாட்டேங்கு. சரி, நீங்க சொல்லுங்க. உங்க வீட்டுலேருந்து ரோட்டுக்குக் கீழ ஏதாவது பைப்போ வயரோ போகுதா?"

"ஒண்ணும் கிடையாது."

"நிச்சயமா சார்?"

"நான் யாருன்னு தெரியுமில்ல? சங்கத் தலைவர்மா நான்."

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். அங்கே நின்றது ஒரு பச்சைப் பொய்.

எதிர் வரிசையில் சிவஞானத்தின் வீட்டுக்கு அடுத்த மனை சந்திரமோகனுடையது. அதில் இரண்டு அறை கட்டி, ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிற பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். கட்டியதற்கு அனுமதி இல்லை. அனுமதி இல்லாததால் மின் இணைப்பு கிடைக்கவில்லை. சிமெண்ட் ரோடு போடுவதற்கு முன்னால் ஆள் வைத்து, தன் வீட்டிலிருந்து ரோட்டுக்குக் கீழே குறுக்குச் சாய்வாக ஒரு கேபிளைப் புதைத்துக் கரண்டைக் கொண்டுபோய்விட்டார். எல்லாரும் செய்யாததா என்று அன்றைக்குத் தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டார். அதன் மேல் சிமெண்ட் விழுந்தது. நாயும் சரியாக அந்த இடத்தில்தான் கால் வைத்தது.

நேற்று ரோஸ்லின் கருவியோடு வந்தபோது அது ஏன் கத்தவில்லை? கம்பியில் கரண்ட் ஓடினால்தான் அது மோப்பம் பிடிக்கும் என்பது சந்திரமோகனுக்குத் தெரியும். அவள் சந்துக்குள் நுழைந்ததுமே, வெளியே போயிருந்த பையன்களின் அறைகளில் எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டார். படித்த படிப்பு எதற்கெல்லாம் உதவுகிறது பாருங்கள்!

கம்ப்ரெஸ்ஸர் உறுமியது. ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. அவர் வீட்டு மதில் ஓரத்துக் குழியில் யாதகிரி இறங்கி உட்கார்ந்தார். நல்கொண்டா பக்கத்து ஆள், வாய் ஓயாமல் எதையாவது பாடிக்கொண்டே வேலை செய்கிறவர். குழியில் ஊற்றெடுத்த சேற்றுத் தண்ணீர் அவருக்குக் கணுக்கால் வரை. கையில் காற்றுக் குழாய். பெருச்சாளி மண்ணுக்குள் தலையை நுழைத்தது.

தட் தட் தட் தட்.

ரோஸ்லின் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு ரோட்டில் நின்றாள். இது அவர்கள் வேலை செய்கிற முறை. மண்ணுக்குள் போகிறதைக் கண்ணால் பார்க்க முடியாது. மேலே நின்று உள்ளங்காலால் அதிர்வைக் கேட்டுக்கொண்டே அதோடு நடக்க வேண்டும். அவள் ஒரு காலடி வைப்பாள், நிற்பாள், கையைத் தூக்குவாள். யாதகிரி குழாயைக் கொஞ்சம் உள்ளே விடுவார். மறுபடி ஒரு காலடி.

சந்திரமோகன் கேட்டுக்கு வந்தார், உள்ளே போனார், மறுபடி கேட்டுக்கு வந்தார்.

"காப்பி ஆறிப்போச்சு," என்றாள் ஜலஜா. "என்னத்துக்கு இப்படி உள்ளுக்கும் வெளிக்கும் அலையறீங்க? அவங்க வேலைய அவங்க செய்ய மாட்டாங்களா?"

"சும்மா இரு."

காப்பியை எடுத்தார், வைத்தார். பேப்பரைப் பிரித்தார். எழுத்தெல்லாம் தட் தட் என்று ஆடியது. கேபிள் எவ்வளவு ஆழம்? கூலி ஆள் எவ்வளவு தோண்டினானோ, நின்று பார்க்கவில்லையே. அவன் ஆழமாகப் போட்டிருந்தால் பெருச்சாளி மேலே போய்விடும். மேலாகப் போட்டிருந்தால் கீழே போய்விடும். போய்விடும், போய்விடும். எத்தனையோ பேர் என்னென்னவோ புதைக்கிறார்கள், என்ன ஆகிவிட்டது? இப்படியே ஓடியது மனசு. ஓடின மனசு திரும்பத் திரும்ப அந்தச் சேற்றுத் தண்ணீரில் போய் நின்றது. கேபிளின் தோலைக் கிழித்துக்கொண்டு அந்த இரும்பு உள்ளே போனால்? தண்ணீரில் கால், இரும்பு மாட்டிய குழாயில் கை. தொழிற்சாலையில் வருஷா வருஷம் பாதுகாப்பு வாரத்தில் மேடை ஏறி அவரே இதைப் பற்றிப் பேசியிருக்கிறார்.

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். ரோஸ்லினின் வெறுங்கால் ரோட்டின் பாதியை நெருங்கிவிட்டது. நாய்க் காலடி இன்னும் கொஞ்ச தூரத்தில்.

திடீரென்று ஒரு யோசனை. அட முட்டாளே, இதற்கா இந்தப் பாடு? மாடிப்படிக்குக் கீழே இருந்த மெயின் சுவிட்சைப் போய் டக்கென்று இறக்கினார். ஃப்ரிட்ஜ் அடங்கியது. கம்பியில் கரண்ட் இல்லையென்றால் பெருச்சாளி கிழித்தாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது. கேபிள்தானே போகும், போகட்டும், யாருக்கும் தெரியாது. அவருக்கு மூச்சு வந்தது. நல்லவர்தான் அவர், யாரும் சாக வேண்டும் என்று நினைக்கிறவர் இல்லை. மாட்டிக்கொள்ளாமல் நல்லவராக இருக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

ஆறிய காப்பியை ஒரே வாயில் குடித்துவிட்டு ஜன்னலுக்கு வந்தார். எதிர் மனை வாடகை அறையின் கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு பையன் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு போன் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். சுற்றியது. ஜம்மென்று சுற்றியது.

"ஜலஜா! எதிர் ரூம்ல ஃபேன் எப்படி ஓடுது? மெயினை இறக்கிட்டேனே!"

"மெயினை எதுக்கு இறக்கினீங்க? இட்லிக்கு மாவு அரைக்கணும்..."

"ஃபேன் எப்படிடி ஓடுது?"

"இன்வர்ட்டர்லதான். போன கோடையில கரண்ட் போனா அந்தப் பசங்க வேக வேண்டியிருக்குன்னு அழுதாங்கல்ல? நீங்க டூட்டிக்குப் போயிருந்தீங்க. நான்தான் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த லைனையும் இன்வர்ட்டர்ல சேர்க்கச் சொன்னேன். சாயங்காலம் உங்ககிட்ட சொன்னேனே. பேப்பரைப் பாத்துட்டே ஹவ், ஹவ்னு தலையாட்டினீங்க."

சந்திரமோகன் மாடிப்படியைப் பார்த்தார். தான் புதைத்த கம்பியில் என்ன ஓடுகிறது என்று தனக்கே தெரியவில்லை! இன்வர்ட்டர் மொட்டை மாடி அறையில் இருக்கிறது. ஏறி ஓடி, சாவி தேடி, பூட்டைத் திறந்து... இன்னும் எந்த எலக்ட்ரீஷியன் எதை எதில் சேர்த்தானோ! ஜன்னலைப் பார்த்தார். ரோஸ்லினின் கால் பெருவிரல் நாய்க் காலடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. குழிக்குள்ளிருந்து யாதகிரியின் பாட்டு கேட்டது.

செருப்புக்கூடப் போடாமல் ஓடினார்.

"ஆப்பண்டி! பந்த் கரோ! ரோஸ்லின், நிறுத்தும்மா!"

கம்ப்ரெஸ்ஸர் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? ரோஸ்லின் குனிந்து தரையையே கவனித்துக்கொண்டிருந்தாள். யாதகிரி இவரைப் பார்த்துச் சிரித்து, இடது கையால் ஒரு சலாம் வைத்தார். வலது கை குழாயிலேயே இருந்தது. சந்திரமோகன் கம்ப்ரெஸ்ஸர் வண்டியைப் பார்த்து ஓடினார். அவர் தொழிற்சாலையில் எல்லா மிஷினுக்கும் சிவப்புப் பொத்தான் ஒன்று உண்டு. இதிலும் இருந்தது. உள்ளங்கையால் ஓங்கி ஒரு குத்து.

சத்தம் செத்தது. சந்தே திரும்பிப் பார்த்தது.

"மேல வா! யாதகிரி, பைகி ரா! தண்ணியை விட்டு மேல வா!" அவர் குழியின் விளிம்பில் முட்டி போட்டுக் கையை நீட்டினார். யாதகிரி ஒன்றும் புரியாமல் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினார். சேறு படிந்த கை, வெதுவெதுப்பாக இருந்தது. சந்திரமோகன் அதை உடனே விடவில்லை.

"ஏமைந்தி சார்?" என்றார் யாதகிரி. என்ன ஆச்சு என்று கேட்கிறார்.

ரோஸ்லின் ஓடி வந்தாள். "சார், மிஷினை இப்படி நிறுத்தக் கூடாது! எதுக்கு நிறுத்துனீங்க?"

சிவஞானம் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். மூலை வீட்டு அம்மா வந்தாள். வாடகைப் பையன் போனோடு எழுந்து வந்தான். இத்தனை பேர் கூடுவதற்குத்தான் சந்திரமோகன் பயந்திருந்தார். சும்மா ஏதோ பொய் சொல்லலாமா என்று அந்த நேரத்திலும் நாக்கு துழாவியது என்றால், மனித நாக்கை என்னவென்று சொல்ல!

"அந்த நாய்க் காலடிக்குக் கீழே கேபிள் போகுது," என்றார். "கரண்ட் இருக்கு. என்னோடதுதான்."

ரோட்டில் நின்றவர்கள் சட்டென்று பின்வாங்கினார்கள்.

"உங்களதா?" ரோஸ்லின் அவர் எதிரே வந்து நின்றாள். "காலைல கேட்டேனே சார். நிச்சயமான்னு கேட்டேனே."

"பொய் சொன்னேன்மா. நேத்து நீ கருவி கொண்டாந்தப்போ அது கத்தக் கூடாதுன்னு கரண்டை நிறுத்தினவனும் நான்தான்."

அவள் தன் வெறுங்காலைப் பார்த்தாள். பிறகு யாதகிரியின் ஈரக் காலைப் பார்த்தாள். "என்ன மனுசன் சார் நீங்க?" என்று கேட்டாள். கேட்டது மெதுவாகத்தான். ஆனால் சந்திரமோகனுக்குக் கன்னத்தில் அறைந்தது போல இருந்தது, அதைவிட அறைந்திருக்கலாம் என்றும் தோன்றியது.

சிவஞானத்துக்குப் பொறுக்கவில்லை. "ஏன்யா, எனக்குத் தண்ணி வரணும்னு ஒருத்தன் உசிரை விடணுமா? ரோடு ரோடுன்னு குதிச்சியே, ரோட்டுக்காகவா குதிச்சே? அடியில இருக்கிற திருட்டு வெளிய வரக் கூடாதுன்னு குதிச்சே!"

"ஆமாம்," என்றார் சந்திரமோகன். வேறு என்ன சொல்வது?

ஜலஜா மொட்டை மாடிக்கு ஓடிப் போய் இன்வர்ட்டரை அணைத்துவிட்டு, மாடியிலிருந்தே கையாட்டினாள். எதிர் அறையில் ஃபேன் நின்றது. ரோஸ்லின் தானே உள்ளே போய்ப் பார்த்து, எல்லாம் அணைந்திருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு வந்தாள். இவர் வார்த்தையை இனி யார் நம்புவார்கள்?

"குழி எடுத்துப் பாக்கணும்," என்றாள். "இப்பவாவது விடுவீங்களா?"

சந்திரமோகன் யாதகிரியின் ஆட்கள் வைத்திருந்த கடப்பாரையை எடுத்தார். நாய்க் காலடியின் மேல் நின்றார். ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி வாங்கிய ரோடு, சிலிண்டர் ஆளிடம் சண்டை போட்டுக் காத்த ரோடு. ஓங்கிக் குத்தினார். முதல் குத்தில் ஒரு சில்லுதான் தெறித்தது. மறுபடி குத்தினார். உள்ளங்கை எரிந்தது, சட்டை முதுகோடு ஒட்டியது. நிறுத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் யாதகிரி இன்னொரு கடப்பாரையோடு எதிரே வந்து நின்றார். திட்டவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. இருவரும் மாறி மாறிக் குத்தினார்கள்.

சிமெண்ட் விட்டது. மண்ணைக் கையால் அள்ளினார்கள். முதலில் தெரிந்தது கேபிளைச் சுற்றியிருந்த மட்டமான பைப். அதை ஒட்டியிருந்த மண்ணை யாதகிரி விரலால் தள்ளியபோது பெருச்சாளியின் இரும்பு மூக்கு வெளியே வந்தது. இரண்டுக்கும் நடுவே சரியாக ஒரு சாண். பைப் ஓரிடத்தில் வெடித்து, உள்ளே இருந்த கம்பியின் தோல் ஏற்கெனவே உரிந்திருந்தது. குழிக்குள் பாடிக்கொண்டே வேலை செய்த யாதகிரிக்கு இப்போதுதான் விஷயம் முழுசாக உறைத்தது. குழி ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"சின்னப் பாப்பா இருக்கு சாப், வீட்ல," என்றார். தமிழில் அவருக்குத் தெரிந்ததே சில வார்த்தைகள்தான்.

சந்திரமோகன் அழுதுவிட்டார். சங்கத் தலைவர், மேடையில் பேசுகிறவர், நடுரோட்டில் மண்ணில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். "மாஃப் கரோ பாய்," என்று மன்னிப்புக் கேட்க மட்டும்தான் முடிந்தது.

ரோஸ்லின் உரிந்த கம்பியைப் போனில் படம் எடுத்தாள். பிறகு சொன்னாள்: "இதை நான் மேல எழுதித்தான் ஆகணும் சார்."

"எழுதும்மா. கேபிளை இப்பவே வெட்டி எடுத்துடுங்க. இணைப்பு முறையா கிடைக்கிற வரைக்கும் அந்த ரூம்ல யாரும் இருக்க வேண்டாம். பசங்களுக்கு வேற இடம் நானே பாக்கறேன். தலைவர் பதவியும் எனக்கு வேண்டாம்." கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "மிஷினை மட்டும் இன்னிக்கே மறுபடி ஓட்ட வேண்டாம். இந்தச் சந்துல நான் ஒருத்தன்தான் புதைச்சவன்னு நினைக்காதே."

அவர் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. ஆனாலும் கூட்டத்தில் பல தலைகள் குனிந்தன.

முதலில் வாயைத் திறந்தவர் சிவஞானம். அவ்வளவு கத்தியவர் இப்போது தொண்டையைச் செருமினார். "எங்க வீட்டுக் கழிவுத் தண்ணி பைப்பு ஒண்ணு... மழைத்தண்ணிக் கால்வாயில விட்டிருக்கேன். குடிதண்ணிக் குழாய் வர்ற வழிதான். அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்."

"கிழிச்சீங்க," என்றாள் ரோஸ்லின். "அது உடைஞ்சிருந்தா அந்தத் தண்ணிய நீங்கதான் குடிச்சிருப்பீங்க."

சந்து அன்றைக்கு முதல் முறையாகச் சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் மூலை வீட்டு அம்மா முன்னால் வந்தாள். "மாதி கூடா ஒகட்டி உந்தி," என்றாள், தன் வீட்டிலும் ஒன்று இருக்கிறது என்று. இன்னொருவர் டெலிபோன் ஒயர் என்றார். இன்னொருவர் போர்வெல் மோட்டார் லைன் என்றார். ரோஸ்லின் சாக்குக்கட்டியைக் கொடுத்து அவரவரையே கோடு போடச் சொன்னாள். யார் கண்ணிலும் படாமல் இத்தனை நாள் கிடந்ததெல்லாம் ரோட்டின் மேலே வெள்ளை வெள்ளையாக வந்தது. சந்திரமோகன் காத்த ரோடு அடையாளமே தெரியவில்லை.

ஜலஜா எல்லாருக்கும் டீ கொண்டுவந்தாள். முதல் கிளாஸை யாதகிரிக்குக் கொடுத்தார் சந்திரமோகன்.

"கீழே புதைச்சுட்டா யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சேன்மா," என்றார் ரோஸ்லினிடம். "தெரியாததுதான் ஆபத்துன்னு இப்பதான் புரியுது."

ரோஸ்லின் ஷூவை மாட்டிக்கொண்டே நிமிர்ந்தாள். "எங்க பெருச்சாளிக்குக் கண்ணு கிடையாது சார். மேல இருக்கிற நீங்க சொல்லுத உண்மைதான் அதுக்குக் கண்ணு. அனுமதி இல்லாம எதையும் புதைக்காதீங்க. புதைச்சிருந்தா, கேக்கும்போது மறைக்காதீங்க. நீங்க மறைக்கிற எடத்துலதான் எங்க ஆளு காலை வைக்கான்."

யாதகிரி டீயைக் குடித்து முடித்துவிட்டு மதில் ஓரத்துக் குழிக்குள் எட்டிப் பார்த்தார். பெருச்சாளியைப் பின்னுக்கு இழுக்க யாராவது இறங்க வேண்டும். இறங்குவதற்கு முன் சந்திரமோகனைத் திரும்பிப் பார்த்து, "இன்னும் ஏதாவது இருக்கா சாப்?" என்று கேட்டார்.

"இல்லை பாய்," என்றார் சந்திரமோகன். சொல்லிவிட்டு, செருப்பில்லாத காலோடு அவரே முதலில் அந்தச் சேற்றுத் தண்ணீரில் இறங்கி நின்றார்.